சோம்பலின் செல்லப் பெயர்

மேடைக்குப் புதிதாக வந்திருக்கும் தோழர்களே,

இருபத்தேழு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை இந்த ஏற்காட்டில் எனக்கு மட்டுமே உண்டு. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எட்டு ஆண்டுகள் ஒரு பட்டிமன்ற அணியில் பேசினேன். குரல் ஓய்ந்து நான் இறங்கவில்லை; இறக்கிவிடப்பட்டேன். அதற்காக இன்றுவரை ஒரு நாளும் வருந்தியதில்லை.

உங்களுக்கு முதல் நாளே இரண்டு விதிகளைச் சொல்லியிருப்பார்கள். ஒன்று, நடுவரைத் தவிர வேறு யாரும் மேடையில் உட்கார்ந்து பேசக் கூடாது. இரண்டு, சொன்ன சொல்லைத் திரும்பப் பெறக் கூடாது. இவ்விரண்டையும் நான் ஒரே மாலையில், ஒரே உரையில், தெரிந்தே மீறினேன். எங்கே குரலை ஏற்றுவது, எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் கற்றுத்தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். இன்று நான் அந்த மாலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கதை ஒரு கைதட்டலில் தொடங்குகிறது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எங்கள் தேவாலயத் திருவிழாவில் ‘உயர்வு தருவது திறமையா, உழைப்பா?’ என்று தலைப்பு. நான் உழைப்பின் பக்கம். மனிதனுக்குச் சோர்வு உண்டு, உழைப்புக்கு எல்லை உண்டு என்று எதிரணியினர் பேசி அமர்ந்தார்கள். நான் எழுந்தேன். எழுதி வைக்காத ஒரு வரி நாவில் வந்து நின்றது.

“சோர்வு என்பது சோம்பலின் செல்லப் பெயர்!”

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. மாபெரும் உண்மை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகவே நான் நம்பினேன். இன்று அந்த வரியைச் சொல்லிப் பார்க்கிறேன். அதில் மூன்று சகரங்கள் இருக்கின்றன, வேறொன்றும் இல்லை. மோனை சரியாக விழுந்துவிட்டால் பொருளும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவது, தோழர்களே, நம் தொழிலுக்கென்றே அமைந்த குற்றம். மற்றவர்கள் பொய்யைத் தெரிந்து சொல்வார்கள். நாமோ, ஓசை நயத்தோடு இருந்தால் அதை நாமே நம்பிவிடுவோம்.

எங்கள் அணித் தலைவர் டவுனில் மளிகைக் கடை வைத்திருப்பவர். கூட்டத்தின் நாடியை அறிந்தவர். வேனில் திரும்பும்போது சொன்னார்: “ஸ்டெல்லா, இனி இதுதானுங்க நம்ம முத்திரை. எந்த ஊருக்குப் போனாலும் இந்த வசனத்தைச் சொல்லாம எறங்கப்படாது.”

இறங்கவில்லை. தலைச்சோலையில் சொன்னேன், கொட்டச்சேட்டில் சொன்னேன், மலையடிவாரத்துக் குப்பனூரில் சொன்னேன். ‘சோர்வு என்பது’ என்று நான் தொடங்கினாலே முன்வரிசை மீதியை முடித்தது. பள்ளிக்கூடம் ஒன்றில் அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். நான் நிமிர்ந்து நடந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் என் விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. சட்டைப் பொத்தானைப் போடக் கால் மணி நேரம் ஆயிற்று. சேலத்தில் ஒரு பெண் மருத்துவர் பார்த்தார். முடக்கு வாதம் என்றார். உடலைக் காக்க வேண்டிய காவல்படையே உடலின் மூட்டுகளைப் பகையென்று கருதித் தாக்கும் நோய், நாள்பட்ட அழற்சி. வயதானவர்களுக்கு வருவதாயிற்றே என்று வாதாடினேன். “உங்க வயசுலயும் வரும்மா” என்று மாத்திரை எழுதித் தந்தார்.

வலியை நான் எதிர்பார்த்திருந்தேன். களைப்பை எதிர்பார்க்கவில்லை. உழைத்தவரின் களைப்புக்கு ஒரு நேர்மை உண்டு. உறங்கி எழுந்தால் விடைபெற்றுக்கொள்ளும். இது எனக்கு முன்பே விழித்துக்கொண்டு கட்டிலில் காத்திருந்தது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏற்றமான பாதை. சிறு வயதில் ஓடியே ஏறியவள், இப்போது மூன்று சில்வர் ஓக் மரங்களில் சாய்ந்து சாய்ந்து ஏறினேன். அந்த மூன்றின் பட்டையும் இன்றும் என் உள்ளங்கைக்குத் தெரியும்.

யாரிடம் சொல்வேன்? அந்த வரியைப் பெற்றவள் நான். எனக்குச் சோர்வாக இருக்கிறது என்று நானே சொல்வதா?

ரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் குறைந்திருந்தது. செய்தி தெருவில் இறங்கிய மறுகணமே ஊரெல்லாம் மருத்துவர்கள். “ரத்தம் கம்மிங்களா? பேரீச்சை தின்னுங்க.” “முருங்கைக்கீரைய விடாதீங்க.” “ஆட்டு ஈரல் வாங்கி சூப்பு வைக்கச் சொல்லுங்க.” பீட்ரூட்டைச் சொல்லாதவர் ஒருவரும் இல்லை. பீட்ரூட் சிவப்பு, ரத்தமும் சிவப்பு. அதுவும் ஒரு மோனைதான்.

நான் அதற்கும் மேலே போனேன். மருந்துக் கடையில் நானாகவே இரும்புச் சத்து மாத்திரை வாங்கி, ஒன்றுக்கு இரண்டாக விழுங்கினேன். கூடவே, இத்தனை மருந்து தின்பதால்தான் ரத்தம் குறைகிறது என்று முடிவு செய்து வாத மாத்திரையை நிறுத்தினேன். எதிர்த்தரப்பு இல்லாத வழக்கில் வெல்வது எவ்வளவு எளிது! இரண்டு மாதம் வயிறு எரிந்தது. மணிக்கட்டு வீங்கியது. களைப்பு ஒரு படி கூடியதே தவிர இறங்கவில்லை.

குப்பனூரில்தான் அது வெளியே தெரிந்தது. உரையின் உச்சத்தில் நீண்ட வாக்கியம் ஒன்றைத் தொடங்கினேன். வாக்கியம் முடியும் முன் மூச்சு முடிந்தது. மைக்கைப் பிடித்தபடி நின்றேன். அடுத்த சொல் வரவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. எனக்குப் பின் பேச வந்த எதிரணிக்காரர் கிடைத்ததை விடுவாரா?

“சோர்வு என்பது சோம்பலின் செல்லப் பெயர்னு ஒரு அம்மா ஊரூராச் சொன்னாங்க. இன்னிக்கு அந்தச் செல்லம் மேடைக்கே வந்துருச்சுங்க!”

குப்பனூர் குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். என் வரிக்கு நான் சிரிக்காவிட்டால் வேறு யார் சிரிப்பார்கள்?

மறுவாரம் அப்பா என்னைச் சேலத்துக்கு இழுத்துப் போனார். அவர் கொட்டச்சேட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்; அதிகம் பேசாதவர். அதே மருத்துவர் என்னைப் பார்த்ததும் ரத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

“வாத மாத்திரை கடைசியா எப்பப் போட்டீங்க?”

“ரெண்டு மாசம் ஆச்சு, டாக்டர். ரத்தம் கம்மியா இருந்ததால சத்து மாத்திரைக்கு மாறிட்டேன்.”

“மாறிட்டீங்களா? இதென்ன, கட்சியா?” என்றார். மீண்டும் சோதனைகள் எழுதினார். இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது, எவ்வளவு ரத்தத்தில் ஓடுகிறது, அழற்சி எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்த்தார். முடிவுகள் வந்ததும் தாளை என் பக்கம் திருப்பினார்.

“உங்களுக்கு இரும்பு இல்லாம இல்லைம்மா. சேமிப்புல இருக்கு. ரத்தத்துக்கு வரலை.”

“இருக்குன்னா ஏன் வரலை? இருக்கிறது வரணும்தானே?”

“நல்ல கேள்வி. கிருமிகள் வளர இரும்பு வேணும். அதனால, கிருமி நுழைஞ்சிருச்சுன்னு நெனச்சா உடம்பு இரும்பைப் பதுக்கிரும். உங்க உடம்புல கிருமி இல்ல, அழற்சிதான் இருக்கு. ஆனா உடம்புக்கு ரெண்டும் ஒரே மாதிரி தெரியுது. எப்பவும் ஆபத்துன்னே நெனச்சுக்கிட்டு இருக்கு. புது ரத்த அணுக்களும் கம்மியாத்தான் உருவாகுது. மொதல்ல அழற்சிய அடக்கணும். நீங்க நிறுத்தினது எதையோ, அதுதான் உங்களுக்கு ரத்தத்துக்கான மருந்தும்.”

“அப்போ இந்தக் களைப்பு...”

“ரத்தம் கொஞ்சம் காரணம். அழற்சியே ஒரு காரணம். வலில தூங்காம இருக்கீங்க, அது ஒண்ணு. சோம்பேறித்தனம் இந்தத் தாள்ல எங்கயும் இல்லை.”

அவர் என் வரியை அறிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆயினும் அந்தக் கடைசி வாக்கியம் என் நெற்றியில் வந்து விழுந்தது.

திரும்பும் பஸ் குப்பனூரைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் அப்பா வாய் திறந்தார்.

“ஏஞ்சாமி, டாக்டரம்மா சொன்னது நம்ம குடோன் கதைதானே?”

“எந்தக் குடோன்ப்பா?”

“காப்பித் திருட்டு பயம் வந்துருச்சுன்னு மேனேஜர் குடோனைப் பூட்டச் சொன்னாருல்ல? மூட்டை மூட்டையா உள்ள கெடக்குது. வெளிய லாரி வந்து நிக்குது, ஒண்ணும் ஏத்த முடியல. அந்நேரத்துல இன்னும் பத்து மூட்டையக் கொண்டாந்தா என்ன ஆவும்?”

“அதுவும் உள்ளயே கெடக்கும்.”

“அம்புட்டுத்தான். மொதல்ல திருட்டு பயம் போகோணும். பொறவு சாவி தானா வரும்.” பிறகு சேர்த்துக்கொண்டார்: “நீ பூட்டுன குடோனுக்குள்ள நொம்ப நாளா மூட்டைய எறிஞ்சிட்டு இருந்திருக்க.”

வாத மாத்திரைக்குத் திரும்பினேன். வாரங்கள் கழிந்தன. வீக்கம் வற்றியது, ரத்தமும் மெல்ல ஏறியது. மூன்று மரங்களில் ஒன்றை விட்டுவிட்டு ஏறினேன். உரிய நேரத்தில் மீண்டும் மேடை ஏறி, பழைய வரியைப் பழைய முழக்கத்தோடு சொல்லப்போகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆம், அப்போதும் திருந்தவில்லை. என் களைப்பு நோய். அந்த வரி பிறருக்கு. அப்படித்தான் பிரித்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் அப்பாவைப் பார்க்க எஸ்டேட் ஆபீசுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு பெண் காத்திருந்தார். காப்பிப் பழம் பறிக்கும் மாரியம்மா, நாற்பது வயதிருக்கும்.

“ஏனுங்க கண்ணு, சோம்பலின் செல்லப் பெயர்னு சொன்னது நீங்கதானுங்களா?”

ஆமாம் என்று பெருமையோடு தலையசைத்தேன்.

“நல்லாத்தான் இருக்குதுங்க. எங்கள வேலை வாங்கற மேஸ்திரி தெனமும் சொல்றாருங்க.”

“எதுக்குச் சொல்றார்?”

“நான் உக்காந்தாச் சொல்றாருங்க. நாலு செடி பறிக்கறதுக்குள்ள மூச்சு வாங்குதுங்க, கண்ணை இருட்டிக்கிட்டு வருது. மரத்தடியில செத்த உக்காருவேன். ‘மாரியம்மாளுக்குச் செல்லம் வந்துருச்சு’ம்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிச்சுப் போடுவேனுங்க.” கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார். “திருவிழா முடிஞ்சா வேலைக்கு வர வேண்டாம்னுட்டாரு. ரைட்டரய்யா ஒரு வார்த்தை சொன்னாத் தேவலைங்க.”

அப்பா அன்றே மேஸ்திரியிடம் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். “என்ன சொன்னார்ப்பா?” என்றேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “‘ரைட்டரே, உங்க மக மேடையில சொன்னதைத்தானே நான் தோட்டத்துல சொல்றேன்’னாரு. நான் என்ன சாமி சொல்லட்டும்?”

மேடையில் தோற்றிருக்கிறேன். அன்று தோற்றதைப் போல் தோற்றதில்லை.

உடனே பரிகாரம் தேடினேன், அதிலும் தவறினேன். மாரியம்மாவுக்குச் சுகாதார நிலையத்தில் சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். “அதை விழுங்கிப் பயனில்லைங்க. இரும்பு உள்ளே பூட்டிக் கிடக்கும்” என்று குடோன் உவமையை முழு ஏற்ற இறக்கத்தோடு அவருக்குச் சொன்னேன். அவர் கண்கள் விரியக் கேட்டார், மாத்திரையை நிறுத்தினார். ஒரு வாரம் கழித்து அவரை என் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். சோதனை முடிவைப் பார்த்த மருத்துவர் என்னைத்தான் கடிந்தார்.

“இவங்களுக்கு வாதமும் இல்ல, பூட்டும் இல்ல. சேமிப்பே காலி. மாசா மாசம் ரத்தப்போக்கு அதிகம். இவங்களுக்கு இரும்புதாம்மா மருந்து. அதைப் போய் நிறுத்தச் சொன்னீங்களா? வாதம் இருக்கறவங்கள்லயே சிலருக்கு ரெண்டும் சேர்ந்து வரும். உங்க உடம்ப வெச்சு ஊருக்குத் தீர்ப்பு சொல்லாதீங்க.”

பழைய முழக்கத்தைக் கைவிடும் முன்பே புதியதொரு முழக்கத்தைச் செய்து வைத்திருந்தேன், தோழர்களே. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் கையில் ஒரு நல்ல உவமை கிடைப்பது, நமக்கு எதிரில் இருப்பவருக்கு எப்போதும் நல்ல செய்தி அல்ல.

கொட்டச்சேட்டுத் திருவிழா வந்தது. தலைப்பு: ‘மனிதனை முடக்குவது உடல் சோர்வா, மனச் சோர்வா?’ எங்கள் அணி மனச் சோர்வின் பக்கம். இரண்டு நாள் முன்னதாகக் கடைக்குப் போய்த் தலைவரிடம் இரண்டு வேண்டுகோள் வைத்தேன்: எனக்கு ஒரு நாற்காலி வேண்டும், அந்த வரியை நான் சொல்ல மாட்டேன்.

“நாற்காலியா? நின்னு பேசறதுதானுங்க மேடைக்கு மரியாதை. உக்காந்து பேச நீங்க என்ன நடுவரா?”

“கால் மணி நேரம் நின்னா முட்டி கேட்க மாட்டேங்குதுண்ணா. வாய்க்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம்?”

“செரி, அதைக்கூட விடுங்க. வசனம் நோட்டீஸ்லயே போட்டாச்சு. அதைக் கேக்கத்தான் சனம் வருது. அது இல்லீன்னா...” எடைத் தட்டைத் துடைத்தபடி முடித்தார்: “வேற ஆளப் பாக்க வேண்டியதுதான்.”

“வசனத்தைச் சொல்றேன்” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. சொன்ன பிறகு அதை என்ன செய்வேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மாலை ஐந்து மணி. பனி இறங்கிக்கொண்டிருந்தது. என் பெயர் அழைக்கப்பட்டதும் பந்தலோரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை நானே தூக்கி வந்து மைக்கின் முன் போட்டு அமர்ந்தேன். நடுவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். முன்வரிசையில் மேஸ்திரி கைகட்டி அமர்ந்திருந்தார். பெண்கள் பக்கம் நான்காம் வரிசையில் மாரியம்மா.

“சோர்வு என்பது...” என்றேன்.

“சோம்பலின் செல்லப் பெயர்!” என்று கூட்டம் முடித்தது. மேஸ்திரியின் குரல் தனியாகக் கேட்டது. கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தேன்.

“இந்த வரியைப் பெற்றவள் நான். இன்று இந்த மேடையிலேயே இதைத் திரும்பப் பெறுகிறேன். இதைச் சொன்னபோது எனக்குச் சோர்வு என்றால் என்னவென்று தெரியாது. சொற்கள் மட்டுமே தெரியும். இன்று என் ரத்தத்துக்குத் தெரியும். மூட்டில் நெருப்பு இருக்கிறவளுக்குச் சோர்வு வருகிறது. மாதந்தோறும் ரத்தம் இழப்பவளுக்குச் சோர்வு வருகிறது. இருவர் சோர்வும் ஒன்றல்ல. இருவர் மருந்தும் ஒன்றல்ல. ஆனால் இருவருமே சோம்பேறிகள் அல்லர். காரணத்தைத் தேடச் சிறிது ரத்தமும் சில சோதனைகளும் போதும். அதைச் செய்யாமல் ஒருத்தியைச் சோம்பேறி என்று சொல்வதற்குத்தான் என் வரி பயன்பட்டிருக்கிறது. உட்கார்ந்து சொல்கிறேன், உட்கார்ந்தே சொல்வேன். இந்த வரியை இனி எவர் சொன்னாலும் அது என் வரியல்ல; அவர் பொய்.”

நடுவர் மணியை அடித்தார். “அம்மா, நீங்க மனச் சோர்வு அணி. அணி மாறிப் பேசறீங்க!”

“அணி மாறவில்லை, ஐயா. பிழையைத் திருத்துகிறேன்.”

கைதட்டல் வரவில்லை. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது: “ஏனுங்க மேஸ்திரி, கேட்டுச்சுங்களா?” சிரிப்பு முதலில் அங்கே தொடங்கி, மெல்லப் பந்தல் முழுவதும் பரவியது. மேஸ்திரி எழுந்து பீடி பிடிக்கப் போவதுபோல் வெளியே போனார்.

எங்கள் அணி தோற்றது. வேனில் ஏறும் முன் தலைவர் என்னைத் தனியே அழைத்தார்.

“எட்டு வருசமுங்க, ஸ்டெல்லா. ஒரே ஒரு வசனத்துக்காகவா?”

“ஆமாங்கண்ணா. அந்த ஒரே ஒரு வசனத்தாலதான ஒருத்திக்கு வேலை போக இருந்துச்சு.”

அடுத்த நோட்டீசில் என் பெயர் இல்லை. இன்றுவரை இல்லை.

என் ரத்தம் இன்னும் முழுமையாக ஏறவில்லை. சில நாள் களைப்பு இன்னும் எனக்கு முன்பே விழிக்கிறது. ரத்தம் ஏறிய அளவுக்கு அது இறங்கவில்லை. இறங்கும் என்று யாரும் உறுதியும் தரவில்லை. அத்தகைய நாளில் நான் படுத்துக்கொள்கிறேன், வெட்கமின்றி. மறுநாள் உங்களுக்குப் பயிற்சி தர வருகிறேன். மைக்குக்குப் பக்கத்தில் இங்கே ஒரு நாற்காலி கிடக்கிறதே, அது எதற்கென்று உங்களில் இருவர் நேற்றுக் கேட்டீர்கள். தேவைப்படுகிறவர் உட்கார்வதற்கு. ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சென்ற பறிப்புக் காலத்தில் மாரியம்மாவை எஸ்டேட் வாசலில் பார்த்தேன். திருவிழாவுக்குப் பிறகு மேஸ்திரி அவரை நிறுத்தவில்லை; இடுப்பில் பை கட்டி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சத்து மாத்திரை ஒழுங்காகப் போகிறது, ரத்தப்போக்குக்கும் மருத்துவம் பார்க்கிறார்.

“இப்பவும் நடுவுல உக்காருவீங்களா?” என்று கேட்டேன்.

“உக்காருவனுங்க கண்ணு. முன்ன மாதிரி இல்ல, எப்பவாச்சும்.”

“மேஸ்திரி?”

பையை இறுக்கிக் கட்டிக்கொண்டே சிரித்தார்.

“வந்து நிப்பாருங்க. வாயத் தொறப்பாரு. பொறவு அப்படியே போயிருவாரு. சொல்றதுக்கு அவருகிட்ட வசனம் இல்லீங்களே!”